முட்டு வராது, மக்களே

என் மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு நாள் சந்தி நேரத்தில், பொழுது இருட்டும்போது, வேதாகமத்தில் 23ஆம் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தோம். கரண்ட் போயிருந்தது. திண்ணையில் பாய், நடுவில் எமர்ஜென்சி லைட், அதைச் சுற்றி ஈசல். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று முதல் வசனத்தை முடித்ததும் அவள் கேட்டாள்: "அப்பா, தாழ்ச்சின்னா குனியிறதா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. முப்பது வருஷமாக மனப்பாடமாகச் சொல்லும் வசனம். என் மனைவி நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் மலையாளச் சபையில் வளர்ந்தவள். அவள் தன் வேதபுஸ்தகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "யஹோவ என்றெ இடயனாகுன்னு, எனிக்கு முட்டுண்டாகயில்ல." உள்ளே படுத்திருந்த என் அம்மாவுக்கு அது கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைக்கூட 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம். "அதுதான் மக்களே. அரிசிக்கு முட்டு, காசுக்கு முட்டுன்னு சொல்லுவோம்லா? அந்த முட்டு வராதுன்னு அர்த்தம்."

மகளுக்கு முட்டு என்றால் என்னவென்று தெரியும். மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு, அதாவது மரத்தை வெட்டிப் பால் எடுப்பது, நின்றுபோனால் எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் வார்த்தை அதுதான். மறுநாள் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க மாமியிடம் போய் அவர்கள் பைபிளில் எப்படி இருக்கிறது என்றும் கேட்டுவந்தாள். திருவிவிலியத்தில் "எனக்கேதும் குறையில்லை." மூன்றையும் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மச்சி சொன்னதுதான் நல்லாருக்கு" என்றாள்.

இதை எழுதக் காரணம் உண்டு. சபையில் இளம் பெற்றோர் சிலர் என்னிடம், "உங்க பிள்ளைங்க ஜெபத்துக்கு உட்காருறாங்களே, எப்படிப் பழக்கினீங்க?" என்று கேட்கிறார்கள். நான் பழக்கியதைவிடக் கெடுத்தது அதிகம். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் யாருக்காவது உபயோகப்படும்.

எங்கள் வீடு பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, கேரளப் பக்கத்தில் இருக்கிறது. நான் ஞானஸ்நானம் பெற்ற சபை தமிழ்நாட்டுப் பக்கத்தில். 1956 நவம்பர் 1ஆம் தேதி அந்தப் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு போயிற்று, எங்கள் பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. 1959ல் எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பேராயமும் தென் கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டாகப் பிரிந்தது. கோடு அதிகாரிகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கில் நாலு பேரும் எல்லை தாண்டிப் போய் ஆராதனை முடித்து, களியக்காவிளையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் அந்தக் கோடு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆங்கிலம், ஹிந்தி. தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. சபையிலோ எல்லாம் தமிழ். அதுவும் ஹென்றி பவர் ஐயர் என்ற மிஷனரியின் குழு மொழிபெயர்த்து 1871ல் வெளிவந்த வேதாகமத்தின் தமிழ். "நித்திரையாயிருந்தார்", "பிரயாசப்பட்டு", "சஞ்சலப்படாதிருங்கள்" எல்லாம் என் காதுக்கு இனிப்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மந்திரம் மாதிரிதான் கேட்கும். ஒரு வருஷம் முழுக்க என் மகன் ஆராதனையில் கூரையில் இருக்கும் ஃபேன்களை எண்ணிக்கொண்டிருந்தான். அவனே பிறகு சொன்னான்: மொத்தம் 14, அதில் 3 ஓடாது.

சரி, நான் கெடுத்த கதை. கல்யாணம் ஆன புதிதில் நான் குடும்ப ஜெபம் என்றால் என் அப்பா நடத்தியது போல நடத்த வேண்டும் என்று நினைத்தேன். ஒரு பாமாலைப் பாட்டு முழுக்க, ஒரு அதிகாரம் முழுக்க, பிறகு என் ஜெபம், அதில் உலகத் தலைவர்கள் வரைக்கும் எல்லாரும் வருவார்கள். முக்கால் மணி நேரம். அதுவும் ராத்திரி சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்கு. மகள் பாதியில் தூங்கிவிடுவாள், மகன் கொட்டாவி விடுவான், நான் ஜெபத்தின் நடுவிலேயே ஒரு கண்ணைத் திறந்து முறைப்பேன்.

அது போதாதென்று இன்னொன்று செய்தேன். மகனுக்கு எட்டு வயது. கணக்குப் பரீட்சைத் தாளை ஒளித்துவைத்திருந்தான், 50க்கு 17. அன்றைக்கு ராத்திரி நான் ஜெபத்தில், "ஆண்டவரே, இந்தப் பிள்ளை பெற்றவர்களிடம் மறைக்கிறான், பொய் சொல்கிறான், படிப்பில் கவனம் இல்லை, இவனுக்கு நல்ல புத்தியைக் கொடும்" என்று ஆரம்பித்து விலாவாரியாக எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். அது ஒரு நாளோடு நிற்கவில்லை. அந்த வாரம் முழுக்க, பல்லு தேய்க்காதது முதல் தங்கையின் பென்சிலை உடைத்தது வரைக்கும், பகலில் விட்டுப்போன திட்டையெல்லாம் ராத்திரி ஆண்டவர் முன்னால் வாசித்தேன்.

என் மனைவியிடம் அவன் சொல்லியிருக்கிறான்: "அப்பா கடவுள்கிட்ட பேசல்ல. என்கிட்டதான் பேசுறாரு. கண்ணை மூடிட்டுப் பேசுறாரு, அவ்வளவுதான்."

அவள் அதை எனக்கு உடனே சொல்லவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து, ரப்பர் ஷீட்டை ரோலரில் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள். நான் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியர் நிருபத்தில் இருப்பதை நானே ஓய்வுநாள் பள்ளியில் (சண்டே ஸ்கூலில்) மனப்பாடம் செய்து பரிசு வாங்கியிருக்கிறேன். அன்று சாயங்காலம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரிய காட்சி எதுவும் நடக்கவில்லை. "ம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே என் மார்க்கைச் சொல்லமாட்டீங்கல்லா?" என்றான். சொல்லமாட்டேன் என்றேன். இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. பிள்ளைகளின் குறையை ஜெபத்தில் கொண்டுவருவதென்றால் நான் தனியாக, ரப்பர் விளையில் (தோட்டத்தில்) வைத்து, ஆண்டவரிடம் மட்டும் பேசுகிறேன். குடும்ப ஜெபத்தில் ஒருவர் இன்னொருவருக்காக நன்றி மட்டும் சொல்லலாம். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் மீறக்கூடாத சட்டம்.

அதற்குப் பிறகு 2020 வந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு, எல்லையில் இருக்கும் இஞ்சிவிளையில் வழியை மறித்துவிட்டார்கள். சபை அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். முதல் இரண்டு ஞாயிறு போனில் ஆராதனை பார்த்தோம். நெட் நின்று நின்று வந்தது, போதகரின் வாய் ஒரு பக்கமும் சத்தம் ஒரு பக்கமும் போனது, பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாவது ஞாயிறு மனைவி, "நாமே நடத்துவோம்" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: பிள்ளைகளின் விசுவாசத்துக்கு நான் சபையை நம்பியிருந்திருக்கிறேன், சபை என்னை நம்பியிருந்திருக்கிறது. நடுவில் பிள்ளைகள் ஃபேன் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஏற்பட்டதுதான் இப்போதைய முறை. ராத்திரியிலிருந்து சந்திக்கு மாற்றினோம், ஏழு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால். காலையில் நான் நாலு மணிக்கே ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு வெட்டுக்குப் போய்விடுவேன். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும். ஆகவே காலை ஜெபம் எங்களுக்குச் சரிப்பட்டு வராது. புத்தகங்களில் அதிகாலை ஜெபம்தான் உத்தமம் என்று எழுதுகிறவர்களுக்கு ரப்பர் மரம் இல்லை என்று நினைக்கிறேன். சந்தி நேரம் எங்கள் பக்கத்தில் எப்படியும் ஜெபத்துக்குரிய நேரம்தான். கிழக்கே உள்ள வீட்டில் விளக்கு வைத்து நாமம் சொல்வார்கள், தூரத்துப் பள்ளிவாசலில் வாங்கு கேட்கும், அப்புறம் எங்கள் பாட்டு. பிள்ளைகள் அந்த மூன்று சத்தத்தையும் கேட்டு வளர்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரர்களைப் பற்றி இளக்காரமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது அம்மா வைத்த ஒழுங்கு.

பத்து நிமிஷம். பாட்டில் ஒரு சரணம், ஏழெட்டு வசனம், அன்றைக்கு நடந்ததில் ஒன்று சொல்லி ஆளுக்கொரு வரி ஜெபம், இயேசு சொல்லிக்கொடுத்த பரமண்டல ஜெபம் எல்லாரும் சேர்ந்து. போன்களெல்லாம் கிழங்குக் கூடையில். பரமண்டல ஜெபம் ஒரு நாள் தமிழ், ஒரு நாள் மலையாளம். என் அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, அப்புறம் அவளே மலையாளத்தில் கற்றுக்கொண்டாள், 71 வயதில்.

வாரத்தில் ஏழு நாளும் நடக்கிறது என்று சொன்னால் பொய். ஐந்து நாள் நடந்தால் நல்ல வாரம். விட்டுப்போன நாளுக்கு அடுத்த நாள் இரட்டிப்பாக வைப்பதில்லை. முன்பு அப்படித்தான் செய்தேன், பிள்ளைகள் அதை அபராதம் மாதிரி நினைத்தார்கள்.

வாசிப்பதற்கு மாற்கு சுவிசேஷத்தை எடுத்தோம். 16 அதிகாரம்தான், கதை வேகமாகப் போகும். முடிக்க ஐந்து மாசம் ஆயிற்று. வாசித்துவிட்டு நான் விளக்கம் சொல்வதில்லை. "இதில் உனக்கு எது கண்ணுக்குத் தெரிஞ்சது?" என்று மட்டும் கேட்பேன். புயலை அடக்கின பகுதி வந்த அன்று, காற்றும் கடலும் கீழ்ப்படிந்ததைப் பற்றிப் பேசலாம் என்று தயாராக இருந்தேன். மகள், "இயேசுவுக்குத் தலையணை இருந்துதா!" என்றாள். "கப்பலின் பின்னணியத்தில் அவர் தலையணையை வைத்து நித்திரையாயிருந்தார்." அதே சம்பவம் மத்தேயுவிலும் லூக்காவிலும் உண்டு, தலையணை மாற்குவில் மட்டும்தான். அவள் கேட்ட பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி தன் தலையணையைப் பக்கத்தில் ஒருவர் படுக்க இடம் விட்டு வைத்திருந்தாள். கற்றுக்கொடுக்கத் தயாராக இருப்பவனுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

ஒன்று மட்டும் கைகொடுத்தது என்று சொல்லச் சொன்னால், குடும்ப ஜெபத்தைக்கூடச் சொல்லமாட்டேன். நடையைச் சொல்வேன். உபாகமம் 6ல், வசனங்களைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்லிவிட்டு, எப்போதெல்லாம் என்று ஒரு பட்டியல் வரும்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும். நான் உட்கார்ந்திருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். லீவு நாட்களில் மகன் பால் எடுக்க என்னோடு வருவான். சிரட்டை சிரட்டையாகப் பாலை வாளியில் ஊற்றிக்கொண்டே போகும்போது முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. பையன்களுக்கு அது வசதி.

2021ல் என் அப்பா இறந்தார். ஒன்றரை மாசம் படுக்கையில் இருந்தார். தினமும் பிள்ளைகள் தாத்தா எழுந்து நடக்க வேண்டும் என்று ஜெபித்தார்கள். அடக்கத்துக்கு வந்த ஒருவர் மகனின் தலையைத் தடவி, "ஆண்டவருக்குத் தாத்தா தேவைப்பட்டார், எடுத்துக்கிட்டார்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். பத்து வயதுப் பையனுக்கு அது திருட்டு மாதிரித்தான் கேட்டிருக்கும். அன்றிலிருந்து ஜெபத்துக்கு உட்கார்வான், வாய் திறக்கமாட்டான். நானும் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று வாரம் இருக்கும், ஒரு நாள் விளையில், "நமக்கு விசுவாசம் குறைவாப்பா?" என்று கேட்டான்.

எனக்கும் அதே கேள்வி இருந்தது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல அன்றைக்கு மனசு வரவில்லை. "எனக்கும் ஏன்னு தெரியலை மக்களே. நானும் கோபமாத்தான் இருக்கேன்" என்றேன். வீட்டுக்கு வந்து 13ஆம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." அவனுக்கு நம்ப முடியவில்லை. "இது பைபிளா? இப்படிக் கேக்கலாமா?" கேட்கலாம், தாவீது கேட்டிருக்கிறான், அதைச் சபையில் பாட்டாகவும் பாடியிருக்கிறார்கள் என்றேன். அன்று சந்திக்கு அவன் வாசித்தது அந்த ஆறு வசனம்தான். மலையாளத்தில் வாசித்தான். தமிழ் அப்போது வாசிக்க வராது.

தமிழ் வாசிக்க வந்தது சபையால். எல்லாவற்றையும் வீடே செய்துவிட முடியாது. எங்களால் அது முடியவே முடியவில்லை.

எல்லை திறந்து மறுபடி சபைக்குப் போகத் தொடங்கியபோது, ஓய்வுநாள் பள்ளியில் ஒரு டீச்சர் இருந்தார், ஸ்கூலில் ரிட்டயர் ஆனவர். என் பிள்ளைகள் வசனத்தை மலையாள எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். என்னிடம் குறை சொல்லவில்லை. வகுப்பு முடிந்தபின் இருபது நிமிஷம், சபைக்குப் பின்னால் மாமரத்தடியில், பழைய சிலேட்டு ஒன்றை வைத்து அ, ஆ எழுதவைத்தார். எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து வருகிற இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஒரு வருஷத்தில் என் மகன் எழுத்துக் கூட்டி வாசித்தான். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: 1780ல் இங்கிலாந்தில் கிளவுசெஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஓய்வுநாள் பள்ளி தொடங்கியபோதும் இதுதான் வேலை. வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை எழுத்தறிவித்ததுதான் ஆரம்பம். மாமரத்தடி டீச்சர் அதைத் தெரிந்து செய்தாரா என்று நான் கேட்கவில்லை. என் மகளுக்குப் பூ கட்டவும் அவர் கற்றுக்கொடுத்தார்.

அவர் செய்த இன்னொன்று: வராத பிள்ளைக்கு அன்று மத்தியானம் வாட்ஸப்பில் அரை நிமிஷம் குரல் பதிவு. "இன்னைக்கு உன்னைக் காணல்லையே, காய்ச்சலா?" அவ்வளவுதான். என் மகள் அதைப் பத்துத் தடவை போட்டுக் கேட்பாள். தன்னைத் தேடுகிற ஒரு இடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், பெரியவனானபின் அந்த இடத்தை விட்டுப் போவதானாலும் யோசித்துத்தான் போவான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மே மாச விடுமுறை வேதாகமப் பள்ளி நல்லதுதான். பத்து நாள் ஆட்டம் பாட்டம், ஜூன் மழையோடு சூடு இறங்கிவிடும். வசனப் போட்டியைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. ஒரு வருஷம் மகள் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் முழுவதையும், 13 வசனத்தையும், ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள். திரும்பி வரும் வழியில், அண்ணன் ஏதோ கேலி செய்தான் என்று அதே டம்ளரால் அவன் மண்டையில் ஒன்று போட்டாள். "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று நான் தொடங்கினேன். "அதெல்லாம் போட்டிக்கு" என்றாள். மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா கடைசி வாரத்தில் பேச்சுத் தடுமாறியபோதும் சிறுவயதில் படித்த சங்கீதங்களைத் தடுமாறாமல் சொன்னார், அதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் இப்போது மாசத்துக்கு ஒரு வசனம்தான். அதை வீட்டில் எங்கேயாவது செய்துபார்த்தோமா என்று மாசக் கடைசியில் கேட்டுக்கொள்கிறோம்.

சபை எப்போதும் பாலும் தேனுமாக இருக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். ஒரு வருஷம் கமிட்டித் தேர்தலின்போது பெரியவர்கள் வராந்தாவில் நின்று கத்திக்கொண்டதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். ஒருவர் இன்னொருவரின் சட்டைக் காலரில் கைவைத்தார். மகனுக்கு அப்போது 12. பைக்கில் ஒன்றும் பேசவில்லை, வீட்டுக்கு வந்து, "இவங்கதானா நமக்குத் திருவிருந்துல பக்கத்துல நிக்கிறவங்க?" என்றான். மூடி மறைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அப்போஸ்தலர் 15ஐ எடுத்தேன். பவுலுக்கும் பர்னபாவுக்கும் "கடுங்கோபம் மூண்டபடியினால்" இரண்டு பேரும் பிரிந்து போனார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. "அவங்க செஞ்சது தப்பு, எழுதினவங்க மறைக்கலை, நாமளும் மறைக்கவேண்டாம்" என்றேன். அவனுக்கு அது போதுமா என்று தெரியாது. எனக்கு அன்றைக்கு அவ்வளவுதான் கையில் இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பிறகு என் வழக்கம் ஒன்றையும் நிறுத்த வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் ஞாயிறு மத்தியானம் மீன்குழம்போடு ஐயரையும் (போதகரைத்தான் அப்படிச் சொல்வோம்) சேர்த்துத் தின்போம். பிரசங்கம் நீளம், பாட்டு ஸ்ருதி இல்லை, கணக்கு வாசித்ததில் குளறுபடி. பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே முள் எடுப்பார்கள். காலையில் பிரசங்க மேடையில் பார்த்த மனிதரை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உரித்துவைத்தால், அடுத்த ஞாயிறு அவர் சொல்வதை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்? குறை இருந்தால் நேரே அவரிடம் போய்ப் பேசுகிறேன். மீன்குழம்பை மட்டும் சாப்பிடுகிறோம், பெரும்பாலும்.

காணிக்கை விஷயம் அம்மாவின் பாடம். என் சிறுவயதில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை இருக்கும். உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள், மாசக் கடைசியில் சபைக்குப் போகும். பிடி அரிசி. முட்டு உள்ள நாளிலும் போடுவாள், பிடி சின்னதாகிவிடும், அவ்வளவுதான். இப்போது பிள்ளைகளுக்கு நான் காணிக்கைக்குக் காசு கொடுப்பதில்லை. கொடுத்த காசைத் தபால்காரன் மாதிரிக் கொண்டுபோய்ப் பையில் போடுவார்கள். அதற்குப் பதில், மரத்தின் வெட்டுப் பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பாலை லீவு நாளில் உரித்துச் சேர்க்கிறார்கள். வியாபாரி எடை போட்டுக் கொடுக்கும் காசு அவர்களுடையது. அதில் சபைக்கு எவ்வளவு என்று அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டேன். ஒரு தடவை மகள் முழுவதையும் போட்டாள், மறு தடவை ஒன்றும் போடவில்லை, ஐஸ்கிரீம் வாங்கினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒரு மாசத்து ஜெபம் செலவாயிற்று.

பிள்ளைகளுக்குச் சபையில் வேலை கொடுங்கள் என்று போதகரிடம் போய்க் கேட்டது நாங்கள் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. மகன் இப்போது சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில் உட்கார்கிறான். ஃபேன் எண்ணுவதில்லை. பிரசங்கத்தில் ஒரு வார்த்தைகூட மைக்கில் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று கவனித்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதோடு பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற காலேஜ் படிக்கும் அண்ணன் ஒருவன் இவனுக்குக் கூட்டு. என்னிடம் கேட்காததை அவனிடம் கேட்கிறான். முதலில் பொறாமையாக இருந்தது. அப்பா அம்மாவைத் தவிர இன்னொரு பெரியவர் விசுவாசத்தைப் பற்றிப் பேசக் கிடைப்பது பாக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் யாரோடு, எங்கே என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். சபை என்பதற்காக இந்தக் கவனத்தை விட்டுவிடக் கூடாது என்று இளம் பெற்றோருக்குச் சத்தமாகவே சொல்கிறேன்.

இரண்டு மொழியைப் பற்றி இன்னொரு வார்த்தை. தீமோத்தேயுவின் அம்மா யூத ஸ்திரீ, அப்பா கிரேக்கன். அவன் பெயர் அறியப்பட்டிருந்த லீஸ்திராவிலோ ஜனங்கள் கூப்பிட்டது லிக்கவோனியா பாஷையில். அவனுடைய பாட்டி லோவிசாளையும் அம்மா ஐனிக்கேயாளையும் பவுல் பெயர் சொல்லி எழுதுகிறார். அந்த வீட்டிலும் யாராவது ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு, உள்ளே படுத்திருந்த பாட்டி பதில் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளைகள் எந்தப் பாஷையில் அழுகிறார்களோ அதில் ஜெபிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். என் மகளின் ஜெபம் பாதி தமிழ், பாதி மலையாளம், நடுவில் ஒரு 'தாங்க்யூ'.

மகனுக்கு இப்போது 14. சபையில் முழு அங்கத்தினன் ஆவதற்கான திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறான். குரல் உடைந்திருக்கிறது. ஜெபத்துக்கு வருகிறான், தூணில் சாய்ந்து உட்கார்கிறான், சத்தமாக ஜெபிப்பதில்லை. முன்பு தாத்தாவுக்குப் பிறகு இருந்த மௌனம் இல்லை இது, வேறு மாதிரி. எனக்கு உள்ளுக்குள் பயம் உண்டு. போன வாரம், "இன்னைக்கு நீ ஜெபிக்கிறியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொல்லுங்கப்பா. நான் ஆமென் சொல்லுறேன்" என்றான்.

நான் சுருக்கமாக முடித்தேன். மழை வலுத்திருந்தது, மறுநாள் வெட்டு கிடையாது என்பதையும் சொல்லிவைத்தேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கொஞ்சம் பிந்தி தூண் பக்கமிருந்தும் ஒன்று வந்த மாதிரி இருந்தது.

"இவன் சொல்லல்ல, எனக்குக் கேக்கல்ல" என்றாள் மகள்.

"சொன்னேன்டி" என்றான். "மழையில உனக்குக் கேக்காது."

கிழங்குக் கூடையிலிருந்து இரண்டு பேரும் போன்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.